கழுத்தில் தொங்கிய கட்டைவிரல்

அந்த அக்காவிடம் யாரைப் பற்றியும் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. குறை சொல்லாதே என்று அவர் தடுக்கமாட்டார். தாராளமாகச் சொல் என்பார். ஆனால் யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அந்த ஆளை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும். "முதுகுக்கு ஏது தம்பி காது? மூஞ்சிக்குத்தான் ரெண்டு இருக்கு" என்பார்.

நான் அப்போது ஒரு பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சேவூரில் கிளம்பி அவிநாசி வழியாக நெருப்பெரிச்சல் கம்பெனி கேட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அவிநாசி தாண்டி ஒரு லைன் வீட்டு முக்கில் அக்கா ஏறுவார். மானாமதுரைப் பக்கத்துக்காரர். வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒற்றை ஆளாக இந்த ஊருக்கு வந்து, கம்பெனியில் கறை எடுக்கும் மேஜையில் சேர்ந்தவர். எனக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட் அவருடையது. யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் அக்கா ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த ஆளின் முகத்தையே பார்ப்பார். வண்டி அடுத்த வளைவு திரும்புவதற்குள் சீட் காலியாகிவிடும்.

ஒரு நாள் சரசு சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே வந்தாள். சரசு சேவூர்க்காரி, அக்காவோடு அதே மேஜையில் வேலை செய்பவள். "பாத்ரூமுக்கு எந்திரிச்சாப் போதுமுங்க, அந்தாளு வாட்ச்சைப் பாக்கறானுங்க. அவனுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இருக்குதா இல்லீங்களான்னே தெரியலீங்க."

"உங்க ஊருல வையுறதுக்கும் 'ங்க' போடுவீக" என்றார் அக்கா. "தம்பி, ஓரங்கட்டு."

ரோட்டோர டீக்கடையில் அந்தச் சூப்பர்வைசர் கிளாசும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சரசுவுக்கும் புரிந்துவிட்டது. அவள் சீட்டுக்கு அடியில் செருப்புத் தேடுவதுபோலக் குனிந்தாள்.

அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார். "சார், இங்கிட்டு வாங்க. சரசு உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

அவன் வந்தான். "என்னுங்க அக்கா?"

"சொல்லு சரசு."

சரசு எழுந்தாள். முகமெல்லாம் வேர்வை. "ஒண்ணுமில்லீங்க சார். டீ நல்லாருக்குதுங்களா?"

வண்டி முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. "சார், இந்தப் புள்ள பாத்ரூம் போறப்ப நீங்க வாட்ச்சைப் பாக்குறீகளாம். பொம்பளை போற வழிக்கு மணி பாக்காதீக. அம்புட்டுத்தான். டீயைக் குடிங்க, ஆறிரும்."

அன்றிலிருந்து அவன் வாட்ச்சைப் பார்ப்பதை விட்டுவிட்டான். செல்போனில் மணி பார்க்க ஆரம்பித்தான். அது வேறு விஷயம்.

என்னையும் விடவில்லை. என் மச்சான் தோட்டத்துக்கென்று தண்ணீர் மோட்டாரை வாங்கிப்போய்த் திருப்பித் தராததைப் பற்றி ஒரு காலையில் புலம்பிவிட்டேன். "போனைப் போடு" என்றார். வண்டி ஓட்டுகிறேன் என்றேன். "ஓரங்கட்டு" என்றார். மச்சான் எடுத்து, "என்னுங்க மாப்ளை, காலங்காத்தால?" என்றார். "சும்மாதான் மச்சான், சாப்புட்டீங்களா?" என்றேன். அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "நான் உங்க மாப்ளை வண்டியில வர்றவ. அந்த மோட்டாரைக் கொண்டாந்து வச்சிருங்க, மனுசன் புலம்பியே ரோட்டைப் பாக்காம ஓட்டுறாரு" என்று சொல்லி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் வந்தது. மச்சான் வருவது நின்றது. அக்காவிடம் சொன்னேன். "மோட்டாரு வேணுமா மச்சான் வேணுமான்னு நீ முன்னாடியே முடிவு பண்ணிருக்கணும்" என்றார்.

இதையெல்லாம் சொன்னால் அவர் ஏதோ சண்டைக்காரி என்று தோன்றும். கோபம் உண்டுதான். காலையில் ஏறும்போதே மூக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார். ஆனால் அந்தக் கோபம் ஆள் மாறிப் போய் விழுந்து நான் பார்த்ததில்லை. மேனேஜர் மேல் வந்த கோபத்தைச் சரசு மேல் காட்டமாட்டார். வீட்டு ஓனர் மேல் வந்ததை என் மேல் காட்டமாட்டார். "உப்புக் கொறைஞ்சா ஆக்குனவகிட்டச் சொல்லு. பக்கத்து எலைக்காரன்கிட்டச் சொல்லி என்ன, அவன் உப்பா குடுப்பான்?" என்பார். இந்த வாக்கியத்தை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன இடத்திலெல்லாம் அதைச் சொன்னவர் பேர் என்ன என்று கேட்பார்கள். நான் சொன்னதில்லை. காரணம் பின்னால் வரும்.

அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தைத்து முடிந்த வெள்ளை பனியனில் மிஷின் எண்ணெய் ஒரு பொட்டுப் பட்டிருக்கும். அதை அப்படியே அனுப்ப முடியாது. துப்பாக்கி மாதிரி ஒரு சாமான் உண்டு. அதில் மருந்தை ஊற்றிக் கறை மேல் பீய்ச்சிவிட்டுக் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். ரொம்பத் தேய்த்தால் துணி பஞ்சு கிளம்பும், கம்மியாகத் தேய்த்தால் கறை நிற்கும். அந்த மேஜையைச் சுற்றி ஐந்து பெண்கள். பக்கத்தில் போனாலே பெட்ரோல் பங்கில் மூக்கை வைத்த மாதிரி நெடி அடிக்கும். க்ளவுஸ் உண்டு. இல்லை என்று சொல்லக் கூடாது. கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வருகிற அன்று காலையில் புது க்ளவுஸ் பாக்கெட்டோடு வரும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அடுத்த ஆடிட்டுக்கு.

அக்கா இதை மேனேஜரிடமே நேரில் கேட்டிருக்கிறார். ஒரு முறை இல்லை, பல முறை. மேனேஜர் எங்கள் பக்கத்து மனிதர். முதலாளிக்குச் சொந்தம். அதட்டிப் பேசிக் கேட்டதில்லை. "பாக்கலாமுங்க அக்கா" என்பார். "பாக்கலாம் பாக்கலாம்கிறாக. அவுக கண்ணு எம்புட்டு வருசந்தான் பாத்துக்கிட்டே இருக்கும்?" என்பார் அக்கா, திரும்பி வரும் வண்டியில். பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொள்வார். "இதையும் அவுக மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லணும். நாளைக்குச் சொல்லிர்றேன்." சொல்லியும் விடுவார்.

அந்த மருந்து கறையை மட்டும் எடுத்து நிற்கவில்லை. அக்காவின் இரண்டு கட்டைவிரல் நுனியும் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன. ரேகை என்று ஒன்று கிடையாது. ரேஷன் கடையில் மிஷினில் விரல் வைத்தால் அது இவர் யாரென்றே தெரியாது என்றுவிடும். கம்பெனி கேட்டில் எல்லோரும் விரல் வைத்து உள்ளே போவார்கள். கறை மேஜைக்காரர்கள் ஐந்து பேரும் மட்டும் வாட்ச்மேன் நம்பர் தட்டிவிடும் வரை ஓரமாக நிற்பார்கள். "அந்த மிஷினுக்கு நான் இன்னும் பொறக்கவே இல்ல தம்பி" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துக்கொண்டு சொன்னதால் நாங்களும் சிரித்துவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

இப்படி இருக்கும்போதுதான் புது அடையாள அட்டை வந்தது.

கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த ஒரு பையன் எச்.ஆரில் சேர்ந்திருந்தான். நல்ல பையன்தான். எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவான். பழைய கார்டில் போட்டோ, பேர், நம்பர், செக்‌ஷன் இருக்கும். போட்டோவில் பாதிப் பேர் திருடன் மாதிரி இருப்போம். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையர்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் கார்டை மாற்ற வேண்டும் என்று பெங்களூரில் யாரோ ஒரு அம்மாவிடம் டிசைன் வாங்கினார்கள். போட்டோ கிடையாது. அவரவர் கட்டைவிரல் ரேகையைப் பெரிதாக்கிக் கார்டு முழுக்க வண்ணத்தில் போடுவது, அடியில் பேர் மட்டும். தையலுக்கு நீலம், கட்டிங்குக்குப் பச்சை, கறை மேஜைக்கு ஊதா, எங்கள் மாதிரி டிரைவர்களுக்கு ஆரஞ்சு. "உலகத்துல ஒருத்தருக்கு இருக்கற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காதுங்க. இது உங்க கார்டு, உங்களுக்கு மட்டும்தான்" என்று அந்தப் பையன் மைக்கில் சொன்னான். கைதட்டினோம். நானும் தட்டினேன்.

ரேகை எடுக்கிற அன்று கேண்டீனில் ஒரே கூத்து. சின்ன வயதில் பத்து விரலையும் விரித்து எத்தனை சங்கு, எத்தனை சக்கரம் என்று எண்ணாதவர் யார்? பெரிய பெரிய ஆட்களெல்லாம் கையை விரித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒடிசாக்காரப் பையன்களும் எண்ணினார்கள். அவர்கள் ஊரிலும் சங்கும் சக்கரமும்தானாம். எனக்குக் கட்டைவிரலில் சக்கரம். "வண்டி ஓட்டறவனுக்குச் சக்கரம் இல்லாம சங்கா இருக்கும்?" என்று கேலி செய்தார்கள்.

அக்கா முறை வந்தது. சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார். சிவப்பு. "அழுத்தாதீங்க அக்கா, இப்படிப் படுக்க வெக்கோணும், பாருங்க" என்று அந்தப் பையன் தன் வலது கட்டைவிரலை வைத்துக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. அவன் விரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பு கையில வெட்டு?" என்று கேட்டார். "ஹாஸ்டல்ல மாங்காய் அறுத்தப்பங்க" என்றான். "ஒத்தப் புள்ளையாப் பொத்திப் பொத்தி வளத்துருக்காக" என்றார். ஐந்து பேருக்கும் சிவப்புதான். "சரிங்க, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டான்.

கார்டு வந்தது. சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் வண்டியில் ஆளாளுக்குக் கழுத்திலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் யாருக்கும் காட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கார்டைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையில் எது கிடைத்தாலும், சீட் துணியானாலும் பஸ் டிக்கெட்டானாலும், அப்படித் தேய்த்துப் பார்ப்பது அவர் பழக்கம்.

"எனக்குச் சங்குதானே" என்றார் திடீரென்று. "எங்க அண்ணன் சின்னதுல என்னைய 'சங்கூதி'ன்னே கூப்புடுவான், ரெண்டு கட்டை வெரலும் சங்குன்னு. இதுல சக்கரம் இருக்கு." பிறகு, "சரசு, உன்னுதைக் காட்டு."

சரசு காட்டினாள். அதே சக்கரம். சக்கரத்துக்குக் குறுக்கே அதே வெட்டு.

மத்தியானம் கேண்டீனில் ஐந்து கார்டையும் மேஜையில் வரிசையாக வைத்திருந்தார் அக்கா. சாப்பாட்டைத் தொடவில்லை. அந்தப் பையன் தட்டோடு வந்தான். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

"தம்பி, வலது கையைக் காட்டு."

"எதுக்குங்க அக்கா?"

"காட்டுப்பா."

காட்டினான். அக்கா அவன் கையைப் பிடித்துக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சுற்றி இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, அது சும்மா டிசைன்தாங்க" என்றான் பையன். "உங்களுக்கு ரேகை விழுகலீங்க. டைமும் இல்லீங்க. யாரு பாக்கப்போறாங்க?"

"நான் பாக்குறேன்ல?"

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"தாலி கட்டுன மனுசன் கையே இப்ப என் கழுத்துல இல்ல. அவரு போனப்ப அதையும் கழட்டி வாங்கிட்டாக. நீ உன் கையைக் கொண்டாந்து தொங்கவிட்டிருக்க. அஞ்சு பொம்பளை கழுத்துல ஒரு ஆம்பளை கை. உன் அம்மா கழுத்துல இப்படி ஒருத்தன் கை தொங்குனா சும்மா டிசைன்னு சொல்லுவியா?"

பையனுக்கு முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சத்தியமா அப்படி நினைக்கவே இல்லீங்க அக்கா."

"நினைக்கலைல்ல? அதாம்ப்பா எனக்கு வெறியா வருது. நினைச்சுச் செஞ்சிருந்தா ஒரு அறை விட்டுட்டுப் போயிருப்பேன்." கார்டை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கு வேற கார்டு போடு. என் வெரல் எப்படி இருக்கோ அப்படியே."

"வெறும் வெள்ளையா இருக்குமுங்க."

"இருக்கட்டும். வெள்ளையாக்குனது யாரு, நானா?"

மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றான். அப்படியானால் மேனேஜரையே கேட்கிறேன் என்று அக்கா எழுந்தார். டீசல் சீட்டில் கையெழுத்து வாங்க நானும் மேனேஜர் அறை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது.

"அக்கா, நாளன்னைக்குப் பையர் வர்றாங்க" என்றார் மேனேஜர். குரல் வழக்கம்போல வெண்ணெய். "எல்லார் கார்டுலயும் ரேகை இருந்து உங்க அஞ்சு பேருக்கு மட்டும் இல்லீன்னா, எதுக்கு இல்லீன்னு கேப்பாங்களா இல்லீங்களா? கேட்டா ஆர்டர் போயிருமுங்க. இத்தனை குடும்பம் நடுத்தெருவுல நிக்கோணும். அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்குங்க?"

"அப்ப எதுக்கு இல்லேன்னு உங்களுக்குத் தெரியுது" என்றார் அக்கா.

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"இஷ்டம் இருந்தாப் போடுங்க" என்றார் மேனேஜர். "இல்லீன்னா கேட்டுக்கு வெளிய நின்னுக்குங்க. உங்களை யாரும் புடிச்சு வெக்கலீங்க."

எங்கள் ஊர்ப் பேச்சைப் பற்றி அக்கா சொன்னது எவ்வளவு சரி என்று அன்று தெரிந்தது. ஒரு மனுஷியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கும் எங்களிடம் 'ங்க' இருக்கிறது. ஆர்டர் போனால் குடும்பங்கள் நிற்கும் என்று அந்த மனிதர் கண்ணைத் துடைக்காத குறையாகச் சொன்னாரே, க்ளவுஸ் பாக்கெட்டைத் திருப்பி எண்ணி வாங்கும்போது அந்தக் குடும்பங்கள் எங்கே போயின?

சாயங்காலம் இறங்குமுன் அக்கா சொன்னார். "தம்பி, எல்லாக் கம்பெனிக் கேட்டுலயும் இப்ப வெரலு வைக்கிற மிஷினுதான். இதை விட்டுப் போனா, இந்த வெரலை வச்சுக்கிட்டு எந்தக் கேட்டைத் தெறப்பேன்? நான் யாருன்னு அவுகளுக்கு எதை வச்சுக் காட்டுவேன்?" அவர் பயந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அடுத்த நிமிடமே, "இதை உன்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது" என்று இறங்கிப் போய்விட்டார்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்த அன்று காலையில் கோலம், வாழைமரம், க்ளவுஸ் எல்லாம் வந்துவிட்டன. கறை மேஜையில் ஐந்து பேரும் க்ளவுஸ் போட்டு, கழுத்தில் கார்டு போட்டு உட்கார வேண்டும் என்று உத்தரவு. டிரைவர்களுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்து, விருந்தாளிகள் வரும் வரை கறை மேஜைப் பக்கம் நின்று, பிறகு அவர்களுக்குப் பின்னால் இளநீர்த் தட்டோடு நடக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன்.

கார்கள் கேட்டுக்குள் நுழைகிற சத்தம் கேட்டதும் அக்கா க்ளவுஸைக் கழற்றினார். கழுத்திலிருந்து கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். மருந்துத் துப்பாக்கியை எடுத்துச் சக்கரத்தின் மேல் ஒரு பீய்ச்சு. பனியன் தேய்ப்பது மாதிரியே கட்டைவிரலால் தேய்த்தார். ரேகை கரைந்து ஊதா நிறத்தில் வழிந்தது. துடைத்தார். வெள்ளைக் கார்டில் அவர் பேர் மட்டும் மிஞ்சியது. அந்தப் பேர் மேல் ஒரு சொட்டுப் படவில்லை.

அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்த ஊரில் பேர்தான் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு முதலில் போய்ச் சேரும். ஆள் போய்ச் சேருவதற்குள் "இல்லீங்க, ஆள் எடுக்கறதில்லீங்க" என்று பதில் தயாராக இருக்கும்.

சரசு தன் கார்டைக் கழற்றி அக்கா முன்னால் வைத்தாள். "எனக்கும் எடுத்துருங்க அக்கா." மற்ற மூவரும் வைத்தார்கள். சூப்பர்வைசர் ஓடி வருவதற்குள் ஐந்தும் வெள்ளை.

"என்னக்கா பண்றீங்க!"

"கறை எடுக்குறோம் சார். இதுக்குத்தானே உக்கார வச்சிருக்கீக?"

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் அவர்களுடைய ஏஜென்ட், சென்னைக்காரர். பின்னால் மேனேஜரும் எச்.ஆர். பையனும். அந்த அம்மா வெள்ளைக் கார்டுகளைப் பார்த்து நின்றார். அக்காவின் கார்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். எச்.ஆர். பையன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவன் மேல் எனக்கு மிச்சமிருக்கிற மரியாதை அந்த ஒன்றுக்குத்தான். அவன் பொய் சொல்லவில்லை.

அக்கா எழுந்து நின்றார். வெறும் கட்டைவிரலைக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிறகு ஏஜென்ட்டிடம், "சார், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. இந்தக் கார்டு தப்பில்ல, என் கை இப்படித்தான் இருக்கு. மருந்து தின்னுருச்சு. இந்த க்ளவுசு நீங்க போனதும் எங்ககிட்ட இருந்து போயிரும். உங்க சட்டை வெள்ளையா இருக்குல்ல, அதுல எங்க அஞ்சு பேரு ரேகை இருக்கு. அதைச் சொல்லுங்க."

ஏஜென்ட் மேனேஜர் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே இரண்டே வார்த்தை சொன்னார். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அதில் 'வெல்கம்' காதில் விழுந்தது, அந்த வார்த்தை எந்தக் கல்யாண மண்டப வாசலிலும் எழுதியிருக்கும்.

அந்த அம்மா மலர்ந்துபோய்க் கைகூப்பினார். "வணக்கம்" என்றார். வெள்ளைக் கார்டைத் தடவிப் பார்த்து "பியூட்டிஃபுல்" என்றார். போய்விட்டார்கள். என் தட்டில் இருந்த இளநீரை அந்த ஏஜென்ட் தலையில் கொட்டியிருக்க வேண்டும். அடுத்த வரிசைக்கு நடந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீசிலிருந்து எனக்குப் போன். லைன் வீட்டு முக்கில் இனி வண்டி நிற்க வேண்டாமாம். நிறுத்தினேன். அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு விஷயமுங்க..."

"நீ சொல்லாதே. உன் வாயால எனக்கு வேண்டாம்." ஏறி உட்கார்ந்தார். "சொல்லணும்னு நினைச்சவுக நேருல வந்து சொல்லட்டும்."

கேட்டில் வாட்ச்மேன் நம்பர் தட்டவில்லை. மற்ற நான்கு பேருக்கும் புதுக் கார்டு தயாராக வைத்திருந்தார்கள். ரேகைக்குப் பதில் ஒரு தாமரைப்பூ. சரசு அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஊட்டுல ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க அக்கா."

"எனக்குத் தெரியாதா? உள்ள போ. மணி அடிச்சிருச்சு. அந்த வாட்ச்சுக்காரச் சூப்பர்வைசரு மணி பாப்பான்."

வாட்ச்மேன் ஒரு கவரை நீட்டினார். வயசான மனிதர், நம்பியூர்ப் பக்கம். "இதைக் குடுக்கச் சொன்னாங்க சாமி. நான் என்ன பண்ணட்டுமுங்க?"

அக்கா கவரை வாங்கவில்லை. "உங்களை நான் ஒண்ணும் சொல்லல, ஐயா. நீங்க அவுக முதுகு. நான் முதுகுகிட்டப் பேசுறதில்ல. மூஞ்சியை வரச் சொல்லுங்க."

சித்திரை வெயில். கேட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிழல் உண்டு. அங்கே போய் நில்லுங்க என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே நின்றால் உள்ளிருந்து தெரியாது என்று மறுத்துவிட்டார். கேட்டுக்கு நேர் எதிரே, வெள்ளைக் கார்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார். கத்தவில்லை. கல் எறியவில்லை. உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தார். மத்தியானம் எச்.ஆர். பையன் கேட்டு வரைக்கும் வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னை மன்னிச்சிருங்க அக்கா" என்றான். "உன்னைய அன்னைக்கே வஞ்சு முடிச்சுட்டேன்ப்பா. பாக்கி இல்ல. போயிச் சாப்புடு" என்றார். மேனேஜர் வரவில்லை. போன் வந்தது என்றார்கள், மீட்டிங் என்றார்கள், ஊரிலேயே இல்லை என்றார்கள். அவர் கார் உள்ளே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் நான் ஆள் ஏற்ற வந்து நின்றேன். ஐந்தரை மணிக்கெல்லாம் கிளம்புகிற மேனேஜர் கார் முன்வாசலுக்கு வரவில்லை. வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"போயிட்டாருங்க சாமி. பின்னால, அந்த வேஸ்ட் துணி லாரி போற கேட்டைத் தொறக்கச் சொல்லி, அக்கட்டால போயிட்டாருங்க."

அந்த வழி எனக்குத் தெரியும். முள்ளும் சாக்கடையுமாக இருக்கும். லாரியே திணறித்தான் போகும். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத அக்கா அதைக் கேட்டதும் சிரித்தார். வண்டியில் இருந்த சரசு, ஒடிசாப் பையன்கள், எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியா தம்பி. இம்புட்டு வருசமா அவுக மூஞ்சின்னு நினைச்சு நான் பேசிக்கிட்டிருந்தது பூராவும் முதுகுதான்."

வண்டியில் ஏறினார். அவர் சீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.